கிராம சபையில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, அதை நடக்கவும் வைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சிகள் தினம் என்று ஆண்டுக்கு ஆறு நாள் இவற்றில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் அதன் உறுப்பினர். யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் உங்களை நீக்கவும் முடியாது. இப்படி ஒரு இடம் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ நமக்குக் கிடையாது.

ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் கிராம சபை ஒரு மனு வாங்கும் கூட்டமாகத்தான் நடந்து முடிகிறது. மக்கள் கோபமாகப் பேசுகிறார்கள், தலைவர் “செஞ்சிடலாம்” என்கிறார், செயலர் ஏதோ எழுதிக்கொள்கிறார், எல்லோருக்கும் டீ வருகிறது. மூன்று மாதம் கழித்து அதே பிரச்சினை, அதே கோபம். பேசியது தீர்மானமாக மாறாததுதான் காரணம். தீர்மானமாக மாறியதும் பல நேரம் செயல்படுத்த முடியாத சொற்களில் எழுதப்பட்டிருக்கும். ஓர் ஊர் எதை முடிவு செய்தது என்பதற்குத் தீர்மானப் புத்தகத்தில் இருக்கும் வரிகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்த வரிகளைச் சரியாக உருவாக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ குடியிருந்தால் உங்களுக்குக் கிராம சபை இல்லை. அங்கே பகுதி சபை, வார்டு குழு என்று வேறு ஏற்பாடு இருக்கிறது. இந்தக் கட்டுரை கிராம ஊராட்சிகளுக்கானது.

முதலில்: இது யார் எடுக்க வேண்டிய முடிவு?

ஊராட்சிக்குள் இரண்டு வேறு கூட்டங்கள் நடக்கின்றன. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் உட்காரும் கூட்டம் ஊராட்சி மன்றக் கூட்டம். அன்றாடச் செலவு, பில், பராமரிப்பு எல்லாம் அங்கே முடிவாகும். ஊரே உட்காரும் கூட்டம் கிராம சபை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-வது பிரிவு கிராம சபைக்கு இடம் தருகிறது. அதற்கு அடித்தளம், 73-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்ந்த 243-ஏ. ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, வரவு செலவைப் பார்ப்பது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் வேலைகளைக் கண்காணிப்பது எல்லாம் கிராம சபையின் வேலை.

உங்கள் பிரச்சினை இவற்றில் எதற்குள் வருகிறது என்று பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதற்குத் தீர்மானம் எதற்கு? ஊராட்சி அலுவலகத்தில் சொன்னால் முடிய வேண்டிய வேலை அது. கிராம சபையின் நேரத்தை அதில் செலவழிக்காதீர்கள். ரேஷன் கடை, பேருந்து, மின்மாற்றி, பட்டா போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. அவற்றில் கிராம சபை செய்யக்கூடியது உரிய துறையைக் கேட்டுக்கொள்வதுதான். கேட்டுக்கொள்வதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் எதிர்பார்ப்பு அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

சாலை விஷயத்தில் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். “ரோடு போட வேண்டும்” என்று தீர்மானம் போடுவார்கள். அது ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு ஊராட்சி ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்ட முடியாது. நீர்நிலையும் அப்படித்தான். ஊருணி, குட்டை ஒருவரிடம், ஒன்றியக் கண்மாய் இன்னொருவரிடம், பெரிய ஏரி நீர்வளத் துறையிடம். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அடுத்த வேலையைப் பாருங்கள்.

எந்தப் பணத்தில் செய்வது?

கூட்டத்தில் மக்கள் அதிகம் பேசாத கேள்வி இது. அலுவலகத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வியும் இதுதான்.

ஊராட்சிக்கு வரும் பணம் எல்லாம் ஒரே பையில் கிடப்பதில்லை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய் ஒரு பக்கம். மாநில நிதிக் குழு மானியம் ஒரு பக்கம். மத்திய நிதிக் குழு மானியம் இன்னொரு பக்கம். இதில் கடைசியாகச் சொன்னதற்குக் கட்டுப்பாடு உண்டு. 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரைக்கும் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம், குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம். மீதி 40 சதவீதம்தான் ஊரின் மற்ற தேவைகளுக்கு. அந்த 60 சதவீதத்திலிருந்து சமுதாயக்கூடத்துக்குச் சுவர் எழுப்பச் சொன்னால், எவ்வளவு நல்ல தலைவராக இருந்தாலும் கையை விரிக்கத்தான் செய்வார்.

ஆகவே செயலரிடம் போய் உட்காருங்கள். “நம்ம ஊராட்சிக்கு இந்த வருஷம் எந்த இனத்துல எவ்வளவு வந்திருக்கு, எவ்வளவு மீதி இருக்கு?” என்று கேளுங்கள். சண்டை போடுகிற தொனியில் கேட்க வேண்டாம். ஊராட்சிச் செயலர் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர். கணக்கு, வரி வசூல், சான்றிதழ், ஆன்லைன் பதிவேற்றம் என்று ஆயிரம் வேலையைச் சுமப்பவர். மரியாதையாகக் கேட்டால் பலர் சொல்லிவிடுவார்கள். சொல்லவில்லை என்றாலும், கிராம சபையில் வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். படிவம் 30 என்று அதைச் சொல்வார்கள். அன்றைக்குக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தீர்மானத்துக்கு அதுதான் முதல் ஆதாரம்.

ஆண்டுத் திட்டத்தையும் மறக்கக்கூடாது. வரும் நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித்தான் சூடு பிடிக்கும். அந்தத் திட்டத்தில் உங்கள் தெருவின் வேலை இடம்பெறாவிட்டால், ஜனவரியிலோ மே மாதத்திலோ போடும் தீர்மானத்துக்குப் பணம் தேடுவது கஷ்டம். பெரிய வேலை எதுவானாலும் ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே பேச்சை ஆரம்பித்து, அக்டோபரில் திட்டத்துக்குள் ஏற்றிவிடுவதுதான் சரியான வரிசை.

கூட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரம்

கிராம சபைக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூட்டப் பொருள் அதற்கும் முன்பே தயாராகிவிடும். அரசிடமிருந்து ஒரு நீண்ட பட்டியல் வரும். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, திட்டங்களின் முன்னேற்றம் என்று அது போகும். எல்லாம் தேவையான விஷயங்கள்தான், ஆனால் உங்கள் தெருக் குழாய் அந்தப் பட்டியலில் தானாக வந்து உட்காராது. எழுதிக் கொடுத்தால்தான் வரும்.

அதனால் பத்துப் பதினைந்து நாள் முன்பே தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அதாவது கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் பி.டி.ஓ.வுக்கு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். “வரும் கிராம சபையில் கீழ்க்கண்ட பொருளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்” என்று தொடங்கி, பிரச்சினை, இடம், பாதிக்கப்படும் வீடுகள், முன்மொழியும் தீர்மானத்தின் வாசகம், இவ்வளவு போதும். ஒருவர் கையெழுத்தைவிட அந்தத் தெருவிலுள்ள எல்லா வீட்டிலிருந்தும் ஒரு கையெழுத்து இருந்தால் அதன் எடையே வேறு.

அப்புறம் வீடு வீடாகப் போங்கள். குறிப்பாக, உங்கள் யோசனைக்கு எதிராக இருப்பவர்கள் வீட்டுக்குப் போங்கள். புதுக் குழாய் போட்டால் தன் வீட்டுக்கு வரும் தண்ணீர் குறையும் என்று பயப்படுபவர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அந்தப் பயத்தை அவர் கூட்டத்தில் நூறு பேர் முன்னால் சொன்னால் அது சண்டையாகும். திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் அது தகவலாகும். ஒருவேளை அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். தொட்டி இயக்குபவரைக் கேட்டுப் பாருங்கள். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவில் அழுத்தம் விழும் என்பது பொறியாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தீர்மானத்தின் வாசகத்தை மாற்ற வேண்டியிருந்தால் இந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடுங்கள். கூட்ட நாளுக்கு முன்பே வார்டு உறுப்பினரிடமும் தலைவரிடமும் வாசகத்தைக் காட்டிவிடுங்கள். திடீரென்று மேடையில் மடக்குவதில் ஒரு சந்தோஷம் இருக்கலாம், வேலை நடக்காது.

யார் வருவார்கள், எங்கே உட்காருவார்கள்

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைவெண் வரம்பு, அதாவது கோரம், நிறைய வேண்டும். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். உங்கள் ஊருக்கு எத்தனை என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு மறுநாள் வீடு வீடாக நோட்டு போய் எண்ணிக்கை நிரம்புகிறது. அப்படி நிரம்பிய கூட்டத்தில் உங்களுக்குச் சாதகமான தீர்மானம் இருந்தாலும் அதை நம்பாதீர்கள். நாளை அதே வழியில் உங்களுக்கு எதிரான தீர்மானமும் வரும்.

இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிராம சபையை வழிபாட்டுத் தலங்களில் நடத்தக்கூடாது என்று அரசு திரும்பத் திரும்ப அறிவுறுத்துகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஊர்த் தெருவின் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் காலனியிலிருந்து வருபவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினப் பெண்ணையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் 1997-ல் பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தனித்தொகுதி என்பதாலேயே பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை, 2006-ல்தான் முடிந்தது. நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்கே உயிர் போன மண் இது. அந்தக் கூட்டத்தில் எடுக்கும் முடிவில் யாருடைய குரல் இருக்கிறது என்பதை இடம்தான் பாதி தீர்மானிக்கிறது. பள்ளி மைதானம், சமுதாயக்கூடம், ஊராட்சி அலுவலக வளாகம் போன்ற பொது இடமாகக் கேளுங்கள். ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருந்தால் ஒவ்வொரு முறையும் வேறொரு குக்கிராமத்தில் வைக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கை, ஒரே மைக் இருக்க வேண்டும்.

பெண்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். பல ஊர்களில் ஆண்களைவிட அதிகமாகவே வருகிறார்கள். மகளிர் குழுக்களின் மூலம் அழைத்து வருவதால் எண்ணிக்கைக்குக் குறைவில்லை, பேசுவதற்குத்தான் இடம் கிடைப்பதில்லை. தண்ணீர்ப் பிரச்சினையில் எந்த நேரம் தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது என்ற துல்லியமான தகவல் அவர்களிடம்தான் இருக்கும். உங்கள் தெருவின் தீர்மானத்தை ஒரு பெண்ணே முன்மொழியட்டும். இதை முன்கூட்டியே பேசி, என்ன சொல்வது என்று நாலு வரி எழுதி வைத்துக்கொண்டால் மைக் முன்னால் தயக்கம் குறையும்.

கூட்ட நாள்

பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடங்கும். தலைவர் தலைமை வகிப்பார், அவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர். அரசின் சார்பில் பற்றாளர் ஒருவர் வருவார். அவர் பார்வையாளர்தான், கூட்டத்தை நடத்துபவர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பல கூட்டங்களில் பற்றாளரைப் பார்த்தே எல்லோரும் பேசுவார்கள். பேச வேண்டியது ஊரைப் பார்த்து.

சீக்கிரம் போங்கள். முதல் வேலை, கடந்த கிராம சபையின் தீர்மானங்கள் என்ன ஆயின என்று வாசிக்கச் சொல்வது. இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். புதுத் தீர்மானம் போடுவதில் எல்லோருக்கும் ஆர்வம் இருக்கிறது, பழையதைக் கேட்பதில் இல்லை. கேட்கத் தொடங்கிய ஊரில் செயலர் அடுத்த முறை பதிலோடு வருவார்.

உங்கள் பொருள் வரும்போது மூன்று நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். என்ன நடக்கிறது, எத்தனை வீடு, என்ன செய்ய வேண்டும், எந்தப் பணத்தில். அதன்பின் எழுதி வைத்திருக்கும் வாசகத்தை வாசித்து, “இதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கேட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லி உட்காருங்கள். இன்னொருவர் வழிமொழியட்டும். நடுவில் யாராவது வேறு பிரச்சினையை இழுத்தால், “அண்ணே, அதுவும் முக்கியம்தான். இதை முடிச்சிட்டு அதை எடுப்போம்” என்று சொல்ல ஒருவர் தயாராக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து பிரச்சினை பேசும் கூட்டம் எதையும் முடிவு செய்யாது.

எதிர்ப்பு வந்தால் பேசவிடுங்கள். பேசி முடித்தும் உடன்பாடு வராவிட்டால் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். எல்லாத் தீர்மானத்திலும் “ஏகமனதாக” என்று எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்தவர் இருக்கும்போது அப்படி எழுதுவது பொய். எதிர்த்தவருடைய காரணமும் பதிவாகட்டும். வேலை நடக்கும்போது அந்தக் காரணம் யாருக்காவது உதவும்.

எழுதும் இடம்

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. வழக்கமாக எழுதப்படும் ஒரு தீர்மானத்தைப் பாருங்கள்:

“மேற்குத் தெருவில் நிலவும் குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க உரிய நடவடிக்கை எடுக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் செய்வது? என்ன செய்வது? எப்போது? எந்தப் பணத்தில்? ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு முறை டேங்கர் விட்டுவிட்டு “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று எழுதினாலும் பொய்யாகாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“மேற்குத் தெருவில் கடைசியில் உள்ள 42 வீடுகளுக்குக் கடந்த ஆறு மாதமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பள்ளிக்கூடம் அருகிலுள்ள மேல்நிலைத் தொட்டியிலிருந்து இத்தெரு வரை தனிக் குழாய் அமைக்கவும், அதற்கான மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் மூலம் 30 நாட்களுக்குள் பெறவும், நிதிக் குழு மானியத்தின் குடிநீர் இனத்திலிருந்து செலவு செய்யவும், வேலை முடியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கர் தண்ணீர் வழங்கவும், முன்னேற்றத்தை அடுத்த கிராம சபையில் தலைவர் வாசிக்கவும் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு 131, எதிர்ப்பு 6.”

எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊருக்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்ளுங்கள். இடம், வேலை, பொறுப்பு, பணம், நாள், திரும்பக் கேட்கும் இடம் ஆகிய ஆறும் ஒரே பத்தியில் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று விடுபட்டால், அந்த ஓட்டை வழியாகத்தான் தீர்மானம் காணாமல் போகும். “உரிய”, “விரைவில்”, “ஆவன செய்ய” போன்ற சொற்கள் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்: எவ்வளவு விரைவில்? யார் ஆவன செய்வது?

செயலர் பொதுவாகக் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் பிறகு எழுதுவார். இங்கேதான் பேசியது ஒன்று, பதிவானது ஒன்று என்று ஆகிறது. கூட்டம் கலைவதற்கு முன் புத்தகத்தில் எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு, கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடைவெளி விடாமல் கையெழுத்து. முதலிலேயே வெற்றுப் பக்கத்தில் வாங்கும் கையெழுத்து வேறு விஷயம். ஒரு கூட்டத்தில் நோட்டை நீட்டியபோது வயதான அம்மா ஒருவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, இது நான் வந்ததுக்கா, நீங்க எழுதப்போறதுக்கா?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செயலர் மட்டும் சிரிக்கவில்லை. மேலே “வருகை மட்டும்” என்று எழுதிய பிறகுதான் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். எல்லா ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

கையெழுத்தான பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு

தீர்மானம் முடிந்த மறுநாளே அதன் நகலைக் கேட்டு ஊராட்சிக்கு எழுதுங்கள். தராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. விண்ணப்பத்தில் “தீர்மானப் புத்தகத்தின் இன்ன தேதிப் பக்கங்களின் நகல்” என்று குறிப்பாகக் கேளுங்கள். “நடவடிக்கை என்ன?” என்ற பொதுக் கேள்விக்குப் பொதுப் பதில்தான் வரும்.

வேலை நகரும் வழியைத் தெரிந்துகொண்டால், எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். முதலில் மதிப்பீடு. பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. அப்புறம் ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். “குழாய் என்ன ஆச்சு?” என்று கேட்டால் “போயிட்டிருக்கு” என்பார்கள். “மதிப்பீடு ஓவர்சியர் கிட்ட இருக்கா, பி.டி.ஓ. ஆபீஸ்ல இருக்கா?” என்று கேட்டால் ஒரு மேசையைக் காட்டித்தான் ஆக வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்க் கேட்டாலே போதும். தேங்கினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில், தீர்மான நகலை இணைத்து மனு கொடுங்கள். தீர்மானம் இணைக்கப்பட்ட மனு தனி ஒருவரின் புகாராகப் பார்க்கப்படாது.

மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். சட்டத்துக்குப் புறம்பான, அதிகார வரம்பை மீறிய தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ சட்டத்தின் 202-வது பிரிவு வழிசெய்கிறது. ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்குவது, ஒரு சமூகத்துக்குத் தண்ணீரை மறுப்பது என்று கிராம சபையின் பெயரால் யாராவது முடிவெடுத்தால், அது எத்தனை கை தூக்கியிருந்தாலும் நிற்காது, நிற்கவும் கூடாது.

ஊரைவிடப் பெரிய முடிவுகள்

சில நேரம் எதிரே நிற்பது மாநில, மத்திய அரசுகளாகவோ பெரிய நிறுவனமாகவோ இருக்கும். அப்போது கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு?

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டத்தில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 சிற்றூர்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதி நேரில் இருந்து கவனித்தார். அந்த மலையில் வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் ஒவ்வொருவராக எழுந்து மலையைப் பற்றிப் பேசினார்கள், 12 ஊரும் வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. அங்கே தீர்மானத்துக்குப் பின்னால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருந்தது. அதனால் அது கட்டுப்படுத்தும் முடிவாக நின்றது.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் அந்த மாதிரிச் சட்டப் பிடிமானம் இல்லை. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் சேர்த்து, அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. அதே நவம்பர் 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் ஊர் ஊராக எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் அதைச் செய்யவில்லைதான். ஆனால் ஊர்கள் முதலில் எழுத்தில் சொன்னதால், பிறகு பேசிய எல்லோருக்கும் அது கையில் இருந்தது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் ஏகனாபுரம் மக்களும் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டுக்கொண்டே வந்தார்கள். அங்கே திட்டம் கைவிடப்படவில்லை.

இப்படிப்பட்ட தீர்மானத்தில் உணர்ச்சியைவிடத் தகவல் அதிகம் இருக்கட்டும். சர்வே எண்கள், பாசனப் பரப்பு, நீர்நிலைகளின் பெயர்கள், குடும்பங்களின் எண்ணிக்கை. நீதிமன்றத்திலோ அமைச்சகத்திலோ அதைப் படிப்பவர் உங்கள் ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார்.

தலைவர் இல்லாத காலத்தில்

28 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. 2016-க்குப் பிறகும் சில ஆண்டுகள் இப்படித்தான் கழிந்தன. தலைவர் இல்லாவிட்டால் கிராம சபை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்கள், அவர்களுக்குப் பதவிக்காலம் கிடையாது. கடிதத்தைத் தலைவருக்குப் பதில் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள். ஒருவரே பல ஊராட்சிகளைப் பார்ப்பதால் உங்கள் ஊரின் தெருப் பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது. கடிதத்தோடு கையால் வரைந்த ஒரு வரைபடத்தையும், முந்தைய தீர்மானத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். தீர்மானத்தில் பொறுப்பு யாருக்கு என்று எழுதும் இடத்தில் பெயரைப் போடாமல் பதவியைப் போடுங்கள். ஆள் மாறினாலும் அந்த வரி மாறாமல் இருக்கும்.